ராஜனி திரணகமவும் முறிந்த பனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தம் நாட்டு அரசின் கொடுமைகளை மறையாது எழுதித் துன்புற்ற ருஷ்ய எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இவ்விழாவிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அப்பணியை ஏற்று, அலெக்சாண்டர் சொல்செனிற்சின் என்பாரின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தோம். படிக்கப் படிக்க ஓர் எண்ணம் எம்முள்ளே வலுப்பெற்றது. பல்லாயிரங் கல் தொலைவிலே நிகழ்ந்ததென்று நாம் வியந்து படிக்கும் இவ்வரலாற்றைப் போன்றதொன்று, இணுவிலிலிருந்து சைக்கிளிற் புறப்பட்டால் அரைமணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய திருநெல்வேலியிலும் நிகழ்ந்துள்ளதன்றோ? அங்கே வாழ்ந்து, கண்டதை எழுதி, எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரை மறந்துவிட்டு, தொலைவிலுள்ளவரை மட்டும் போற்றி அமர்வது முறையாகுமா?

ஆதலின், ருஷ்ய எழுத்தாளரைச் சுருக்கமாகக் கூறி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த டொக்டர் ராஜனி திரணகமவைப் பற்றியும், அவர் மூவரோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலைப் பற்றியும் விரிவாகக் கூற விழைகின்றோம். இதற்கு மனமுவந்து இசைந்த சங்கத்தாருக்கு எமது நன்றி.

சொல்செனிற்சின் 1918 ஆம் ஆண்டிற் பிறந்தவர், கணிதம் கற்றவர். இரண்டாம் உலகப் போரிலே செஞ்சேனையின் பீரங்கிப் படையிற் கப்டனாக நின்று தாய்நாட்டுக்காகப் போர் புரிந்தவர். போர்முனையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்ராலினைக் குறைகூறினார் என்பதற்காக 1945 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார். எட்டு ஆண்டுகள் சிறையிலும் கட்டாயத் தொழில் முகாம்களிலும் கழிந்தன. 1962 இல் 'ஐவான் டெனிசோவிச்சின் வாழ்விலே ஒரு நாள்' என்னும் அவருடைய சிறு நாவல் வெளிவந்தது. அதுவரை சோவியத் மக்கள் அடுக்களையில் இருந்து மெல்லப் பேசிய செய்தியை அன்று அச்சிலே கண்டனர். 1970 இல் நோபெல் பரிசு கிடைத்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட முன்னாட் கைதிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, 'குலாக் தீவுக்கூட்டம்' என்னும் பெருநூலை மறைவாக எழுதினார். அதன் படியொன்றை ஒளித்து வைத்திருந்த தட்டெழுத்தாளப் பெண்மணி, 1973 இல் இரகசியப் பொலிசாரின் விசாரணைக்குப் பின் உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் நூல் பாரிசில் வெளிவந்தது. அடுத்த பெப்ரவரியில் ஆசிரியர் நாடுகடத்தப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1994 இல் தாயகம் திரும்பி, 2008 இல் மறைந்தார்.

இவ்வரலாற்றிலே இரண்டு செய்திகளை மட்டும் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஒன்று, அவர் தம் நாட்டுக்குப் பகைவரல்லர். அந்நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர். மற்றது, அவர் தம் துன்பத்தை மட்டும் எழுதவில்லை. பேச வாயற்றுப் போன பலருடைய துன்பத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினார். இவ்விரண்டு செய்திகளும் எமது ராஜனிக்கும் பொருந்துவன.

ராஜனி 1954 பெப்ரவரி 23 இல், யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பம் ஒன்றிலே, நான்கு சகோதரிகளுள் இரண்டாமவராகப் பிறந்தார். பள்ளிக் கல்வியை யாழ்ப்பாணத்திலேயே முடித்து, 1973 இற் கொழும்பில் மருத்துவம் கற்கச் சென்றார். அங்கே மாணவர் இயக்கங்களில் ஈடுபட்டார். தென்னிலங்கைக் கிராமமொன்றின் பௌத்த சிங்களக் குடும்பத்திற் பிறந்த தயாபால திரணகம என்னும் இடதுசாரி மாணவத் தலைவரைச் சந்தித்து, 1977 இல் அவரை மணந்தார். அந்த ஆண்டு இந்நாட்டிலே இனக்கலவரம் மூண்ட ஆண்டு என்பதை நினைந்தால், அத்திருமணம் எத்துணைத் துணிவான செயல் என்பது விளங்கும்.

1978 இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிற் பயிற்சி வைத்தியராகவும், அடுத்த ஆண்டு மலைநாட்டிலே ஹல்துமுல்லை என்னும் சிற்றூரில் வைத்தியராகவும் பணியாற்றினார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே விரிவுரையாளரானார். அவர் திரும்பி வந்த யாழ்ப்பாணம் எப்படிப்பட்டது? 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்தது. 1982 இல் அவருடைய தமக்கையார் நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 1983 ஆடியிலே தெற்கில் எமது மக்கள் வீடிழந்து, உயிரிழந்து, கப்பலேறி வடக்கே வந்தனர். இளைஞர்கள் இயக்கங்களை நாடிச் சென்றனர்.

அக்காலத்தில் ராஜனியும் விலகி நிற்கவில்லை. காயமுற்று வந்த விடுதலைப் புலி இளைஞர்களுக்கு மருந்து கட்டினார். அவ்வியக்கத்தில் நம்பிக்கையும் வைத்தார். 1983 இல் உயர்கல்விக்காக இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகருக்குச் சென்றபோதும், தமக்கையாரின் விடுதலைக்காகவும் தமிழ் மக்களின் உரிமைக்காகவும் மேடையேறிப் பேசினார். அவரைப் பிற்காலத்திலே 'துரோகி' என்றவர்களுள் எத்தனை பேர் அவரளவுக்கு அக்காலத்திற் பாடுபட்டனர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

ஆயின், இயக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர் அதன் போக்கையும் கண்டார். மாற்றுக் கருத்துடையோர் களையெடுக்கப்படுவதைக் கண்டார். மக்களின் பெயரால் எடுத்த துப்பாக்கி மக்களை நோக்கித் திரும்புவதைக் கண்டார். கண்டபின் வாளாவிருக்க அவரால் இயலவில்லை. மேற்படிப்பு முடிந்ததும் இங்கிலாந்திலேயே தங்கி, நல்ல சம்பளம் பெற்று, பிள்ளைகளைப் பாதுகாப்பாக வளர்த்திருக்கலாம். வைத்தியர்களும் ஆசிரியர்களும் இங்கிருந்து வரிசையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில், அவர் எதிர்த்திசையிலே வந்தார். வந்து, உடற்கூற்றியற் பகுதியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

சபையோரே, அக்காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை இங்கே கூறுதல் வேண்டும். இங்குள்ள இளைஞர்களாகிய எம்மிற் பலர் அப்போது பிறக்கவில்லை. பெரியோர்கள் அறிவர், அறிந்தும் பேசுவதில்லை.

1986 ஏப்பிரல், மே மாதங்களிலே ரெலோ இயக்கத்து இளைஞர்களை விடுதலைப் புலிகள் வேட்டையாடிக் கொன்றனர். அவ்வியக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் எமக்கு அயலூராகிய கோண்டாவிற் பகுதியிலே கொல்லப்பட்டார். கொன்றவரும் தமிழ்ப் பிள்ளைகள். மாண்டவரும் தமிழ்ப் பிள்ளைகள். தெருவோரத்தில் நின்று பார்த்தவர்களும் நாமே. அவ்வாண்டு நவம்பரிலே விஜிதரன் என்னும் பல்கலைக்கழக மாணவர் காணாமற்போனார். அவரைத் தேடித் தருமாறு மாணவர் போராடினர். அவர் திரும்பி வரவில்லை. 1987 மார்ச்சு இறுதியிலே நல்லூரில் 'கந்தன் கருணை' என்ற பெயர் பூண்ட வீட்டில், அடைத்து வைக்கப்பட்டிருந்த மாற்றியக்கத்தவர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வீட்டின் பெயரையும் அங்கு நிகழ்ந்ததையும் ஒருங்கே நினைக்கும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

அவ்வாண்டு ஆடியில் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய அமைதிப்படை வந்து இறங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஒக்டோபர் 10 இல் அப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. பல்கலைக்கழக வளவிலே இரவோடிரவாக இறங்கிய இந்தியப் படையினர் பலர் மடிந்தனர். அதையடுத்துக் கொக்குவிற் பிரம்படியில் நிராயுதபாணிகளான பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த அமைதிப்படையினர் நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியரையும் சுட்டனர். இரண்டு நாள்களிலே அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்களில் கொக்குவில் இந்துக் கல்லூரி அகதி முகாமில் எறிகணை வீழ்ந்து முப்பது பேரளவில் உயிரிழந்தனர். இவையெல்லாம் இம்மண்டபத்திலிருந்து கூப்பிடு தொலைவிலும், சற்று அப்பாலும் நிகழ்ந்தவை.

போர் தணிந்தபோது பல்கலைக்கழகம் பாழடைந்து கிடந்தது. அதனை மீண்டும் திறந்து நடத்தப் பாடுபட்டவர்களுள் ராஜனி முன்னின்றார். மாணவர் வந்தால் ஊர் உயிர்பெறும். ஆசிரியர் கூடிப் பேசினால் அச்சம் தளரும் என்பது அவர் கருத்து. போரினால் நிராதரவான பெண்களுக்காகப் 'பூரணி' என்னும் நிலையத்தை உருவாக்கியவர்களுள்ளும் அவர் ஒருவர். 1988 இல் அவரும் சகாக்களும் சேர்ந்து 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' என்னும் அமைப்பை நிறுவினர். கணிதம் கற்பித்த ராஜன் ஹூல், கே. சிறீதரன், மனநல வைத்தியராகிய தயா சோமசுந்தரம், உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி ஆகிய நால்வரும் கூடி எழுதிய நூலே 'முறிந்த பனை'. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல் பின்னர் தமிழிலும் வந்தது.

எழுதியவர்கள் யாரென்று பாருங்கள். இருவர் கணிதவியலார், இருவர் வைத்தியர். பத்திரிகைக்காரர் ஒருவரேனும், அரசியல்வாதி ஒருவரேனும் அவர்களுள் இல்லை. இஃது ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஊரிலே எழுத வேண்டியவர்கள் எழுதாதபோது, எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் எழுத நேர்கின்றது. கணிதம் கற்றவர் கணக்கிற் பிழைவிட அஞ்சுவர். வைத்தியர் புண்ணைப் பார்த்து முகந்திருப்பார். இவ்விரு பழக்கங்களும் அந்நூலின் பக்கங்களிலே தெரிகின்றன.

அந்நூல் இரு பாகங்களாக அமைந்தது. எமது அரசியல் வரலாற்றை ஆராய்வதோடு, இராணுவம், அமைதிப்படை, இயக்கங்கள் ஆகிய எல்லாரும் மக்களுக்குச் செய்தவற்றை இடம், காலம் குறித்துப் பதிவு செய்கின்றது. ஒரு பக்கத்தை எழுதி மறுபக்கத்தை மறைக்கும் வழக்கம் அதில் இல்லை. எங்களுக்கு மற்றவர் செய்ததை மட்டும் எழுதியிருந்தால் அந்நூலை வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருப்போம். எங்களுக்குள் நாங்களே செய்ததை மட்டும் எழுதியிருந்தால் தெற்கிலே அதற்கு மாலையிட்டிருப்பார்கள். இரண்டையும் எழுதியதனால் எவருக்கும் அது இனிக்கவில்லை. உண்மையான நூலுக்கு இதுவும் ஓர் அடையாளமென்று நாம் கருதுகின்றோம்.

ராஜனி தனித்து ஆழ்ந்து எழுதியது பெண்களின் அனுபவங்களைப் பற்றிய பகுதி. வீடு வீடாகச் சென்று, படையினராற் கெடுக்கப்பட்ட பெண்களையும், கணவரை, பிள்ளைகளை இழந்த பெண்களையும் சந்தித்தார். ஒரு வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோல, அவசரப்படுத்தாது, அருகிருந்து கேட்டார். எமது சமூகத்திலே இத்தகைய கொடுமைக்கு ஆளான பெண் இருமுறை தண்டிக்கப்படுகின்றாள்: முதலிற் கொடியவனால், பின்னர் அயலவர் நாவினால். சீதனமும் குடும்ப மானமும் பேசும் ஊரிலே அவள் வாய் திறக்க யாரிடம் செல்வாள்? அவ்வாய்களைத் திறக்கச் செய்தது ராஜனியின் பெருந்தொண்டு. ஆயுதம் தூக்கிய பெண்களையும் அவர் எண்ணிப் பார்த்தார். துப்பாக்கியைக் கையிற் கொடுத்துவிட்டால் பெண் விடுதலை பெற்றுவிட்டாள் என்பதை அவர் ஏற்கவில்லை. அதேவேளை, பெண்களைக் கண்ணீரின் உருவமாக மட்டும் காட்டாமல், படையினரின் முன்னே நின்று பிள்ளைகளைக் காத்தவர்களாகவும், இடிந்த வாழ்வை மீளக் கட்டியவர்களாகவும் காட்டினார்.

நூலின் பெயரைச் சற்றே சிந்திப்போம். யாழ்ப்பாணத்தாராகிய எம்மைப் பனையோடு ஒப்பிடுதல் வழக்கம். வாழை காற்றுக்கு வீழும். முருங்கை எளிதில் முறியும். பனையோ நிமிர்ந்து நிற்கும். வைரமேறிய பனை முறிந்து கிடந்தால், எமது கமக்காரர் காற்றை மட்டும் காரணங் கூறமாட்டார். அருகே சென்று, தட்டிப்பார்த்து, உள்ளே வண்டு அரித்திருக்கின்றதா என்று ஆராய்வார். அந்நால்வரும் செய்த வேலை அதுவே. வெளியிலிருந்து வந்த புயலையும் எழுதினார்கள். உள்ளே அரித்த வண்டையும் எழுதினார்கள்.

இனி, இத்தகைய எழுத்துக்கு எதிராக இன்றும் கூறப்படும் தடைகளை எடுத்து ஆராய்வது எமது கடன். அவை கேலிக்குரியவையல்ல, நல்ல மனமுடையோரும் அவற்றைக் கூறுகின்றனர்.

முதலாவது தடை: வீட்டுக் குறையை வெளியிற் சொன்னால் பகைவனுக்கு வாய்ப்பாகும் என்பது. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரே, எவர்க்கும் தீங்கு விளைக்காத சொல்லைத்தானே வாய்மை என்றார். இனத்துக்குத் தீங்கான உண்மை எவ்வாறு வாய்மையாகும் என்று கற்றோரும் வினவுவர். விடை இது. தீங்கு யாருக்கு என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். கந்தன் கருணை வீட்டிலே மாண்டவர்களும் இனத்தவரே. அவர்களின் தாய்மாரும் இனத்தவரே. அவர்களுக்கு நேர்ந்த தீங்கை மறைக்கும் மௌனம் தீங்கற்றதாகுமா? சொல்லுக்குக் கூறிய இலக்கணம் மௌனத்துக்கும் பொருந்துமன்றோ? மேலும், பகைவன் எமது நூலைப் படித்துத்தான் எம்மைத் தாக்க வேண்டுமென்பதில்லை. நூலகத்தை எரித்தவர்கள் ஒரு நூலையும் படித்துவிட்டு எரிக்கவில்லை.

இரண்டாவது தடை: இப்போது காலமன்று, விடுதலை பெற்றபின் பேசலாம் என்பது. சொல்செனிற்சினுக்கும் இதையே கூறினர்: சோவியத்தைச் சுற்றிப் பகைவர் நிற்கின்றனர், பொறுத்திரு என்று. ஆனால் வைத்தியர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நோயைப் பிறகு பார்க்கலாமென்று தள்ளிப்போட்டால், பிறகு பார்ப்பதற்கு நோயாளி இருக்கமாட்டார். 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் முடிவுற்றதை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள். அரசபடைகளின் குண்டுகளுக்கும், வெளியேற விடாது தடுத்தவர்களின் துப்பாக்கிகளுக்கும் இடையே எமது மக்கள் அகப்பட்டு அழிந்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன்பே, மக்களைக் கேடயமாகவும் விறகாகவும் கருதும் போக்கு எங்கே கொண்டுசெல்லும் என்று எச்சரித்தவர்களின் சொல் அன்று செவியேறவில்லை.

மூன்றாவது தடை: இவர்கள் ஆங்கிலங் கற்ற மேல்வகுப்பார், கிறித்தவர், சிங்களவரை மணந்தவர், எமது மண்ணின் உணர்வு இவர்களுக்கு எங்ஙனம் தெரியும் என்பது. நாமும் மிஷன் பாடசாலையிலே கற்று, இன்று இந்து வாலிபர் சங்கத்து மேடையிலே நிற்பவர்தாம். இரண்டும் எமக்குள்ளே சண்டையிடுவதில்லை. ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போனார், யாரை மணந்தார் என்பதைக் கொண்டு அவர் எழுதிய சாட்சியம் மெய்யா பொய்யா என்று தீர்ப்பது அறிவாகாது. ராஜனியிடம் வாய் திறந்த பெண்கள் கிராமத்துப் பெண்கள். அவர்கள் அவருடைய சமயத்தைக் கேட்கவில்லை. தாம் சொல்வதைக் கேட்கவும் ஒருவர் வந்தாரே என்று ஆறுதலடைந்தனர்.

தமக்கு நேரப்போவதை ராஜனி உணர்ந்திருந்தார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே, தம்மை ஒருநாள் மௌனமாக்கப்போவது அந்நியனின் துப்பாக்கியன்று, இச்சமூகத்தின் வயிற்றிலேயே பிறந்த பிள்ளையின் துப்பாக்கிதான் என்ற கருத்தை எழுதினார். அதிலே கோபத்தைக் காட்டிலும் துயரமே மிகுந்திருக்கின்றது. தம்மைக் கொல்லப்போகின்றவனையும் ஒரு தாயின் பிள்ளையாகவே அவர் எண்ணினார்.

1989 செப்டெம்பர் 21. பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளிலே சென்றுகொண்டிருந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டுக்கு அண்மையிலே வைத்துச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இரண்டு சிறு பெண்பிள்ளைகள் தாயை இழந்தனர். கொன்றவர்கள் விடுதலைப் புலிகளே என்று அவருடைய சகாக்களும் குடும்பத்தாரும் கூறினர். அவ்வியக்கம் அப்பழியை ஏற்கவில்லை. எந்த நீதிமன்றமும் எவரையும் இதற்காகத் தண்டிக்கவில்லை.

'முறிந்த பனை' 1990 இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தது. அச்சான நூலைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இருக்கவில்லை. சகாக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும் எழுத்து நிற்கவில்லை. தலைமறைவாக வாழ்ந்துகொண்டே, ராஜன் ஹூலும் சிறீதரனும் போர் முடியும்வரை அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டனர். 2007 இல் அவர்களுக்கு மனித உரிமைக் காவலர்க்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. ராஜனியின் வாழ்வு 2005 இற் கனடாவிலே திரைப்படமாக்கப்பட்டது. இளைய மகள் ஷாரிகா மானிடவியலாளராகி, இப்போரினால் இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி 2011 இல் நூல் வெளியிட்டார். தாய் விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்தார் எனலாம்.

ராஜனி தனிமரமல்லர் என்பதையும் கூறவேண்டும். இயக்கமொன்றின் உட்கொலைகளைக் கோவிந்தன் என்ற பெயரிலே ஒருவர் 'புதியதோர் உலகம்' என்னும் நாவலாக 1985 இலேயே எழுதினார். கவிஞர் சிவரமணி 1991 மே 19 இல், தம் கவிதைகள் பலவற்றை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 30 இல், பல்கலைக்கழகத்திலே நாடகம் பயின்ற கவிஞர் செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர், அவர் மீளவில்லை. அடுத்த ஆண்டு சர்வதேச எழுத்தாளர் கழகமாகிய பென் அவருக்கு விருதளித்தபோது, பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. ருஷ்யாவின் எழுத்தாளருக்காக உலகம் குரல் கொடுத்தது. எமது செல்விக்காக எமது தெருவிலே எத்தனை குரல்கள் எழுந்தன?

சபையோரே, இவற்றையெல்லாம் கூறியது பழைய புண்ணைக் கிளறுவதற்கன்று. எவரையும் குற்றக்கூண்டில் ஏற்றவும் நாம் வரவில்லை. அச்சம் ஆண்ட காலத்திலே வாய்மூடி இருந்தவரைக் கோழையென்று சொல்ல, அக்காலத்தை அனுபவியாத எமக்கு உரிமை இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றோர் மௌனம் பூண்டனர். அம்மௌனத்தினால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளின் பிள்ளைகள்தாம் நாம். ஆனால் துப்பாக்கிக்கு அஞ்சி வந்த மௌனம், துப்பாக்கி போனபின்னும் பழக்கமாக இருந்துவிடுகின்றது. அதுவே எமக்குக் கவலையளிக்கின்றது.

வீட்டிலே ஒரு படம் தொங்குகின்றது. அதிலுள்ள மாமா எப்படி இறந்தார் என்று கேட்டால், 'அந்த நேரத்துப் பிரச்சினையிலே' என்ற மூன்று சொல்லோடு பேச்சு முடிகின்றது. எந்த நேரம்? எந்தப் பிரச்சினை? சுட்டவர் யார்? இராணுவம் சுட்ட மாமாவுக்கு விளக்கேற்றுகின்றோம். இந்திய அமைதிப்படை சுட்ட மாமாவை ஆண்டுக்கொருமுறை நினைக்கின்றோம். எமது பிள்ளைகளே சுட்ட மாமாவுக்கு மட்டும் திகதியும் இல்லை, விளக்கும் இல்லை. அவரைப் பெற்றவளின் வயிறும் மற்றவளின் வயிறும் வேறு வேறா?

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் பிற இடங்களிலும் தெருவோரக் கொட்டில்களில் இருந்து நீதி கேட்டனர். பிள்ளை திரும்பி வராமலே கண் மூடிய தாய்மாரும் அவர்களுள் உளர். சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போகின்றனர். இன்னும் இருபது ஆண்டு சென்றால், 1986 ஐயும் 1987 ஐயும் கண்ணாற் கண்டு சொல்ல எமது ஒழுங்கைகளிலே எத்தனை பேர் இருப்பர்? அன்று எழுத விரும்பினாலும் கேட்பதற்கு ஆள் இராது.

ஆகவே சங்கத்தாருக்கும், விசேடமாக எம்மொத்த இளைஞர்களுக்கும், மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, எமது வாசிகசாலையிலே 'முறிந்த பனை'யின் தமிழ்ப் பிரதியொன்று இருத்தல் வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று நாம் கூறவில்லை. மறுப்பவரும் படித்து மறுக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அங்கத்தவரும் ஒரு கொப்பியை எடுத்து, தம் ஒழுங்கையிலே உள்ள முதியோர் ஒருவரிடம் இருந்து கேட்டு எழுதுதல் வேண்டும். திகதி, இடம், நேர்ந்தது ஆகியவற்றை எழுதுக. கண்ணாற் கண்டதை வேறாகவும், காதாற் கேட்டதை வேறாகவும் எழுதுக. செய்தவர் யாரென்பதை நோக்கி எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சொன்னவர் விரும்பாவிடின் பெயரை வெளியிட வேண்டாம். அவர் அழுதால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் செல்க. இருநூற்றுக்கு மேற்பட்டோர் சொல்லிக் கொடுக்காவிட்டால் ருஷ்யாவிலே அப்பெருநூல் எழுந்திராது. கேட்பதற்கு ஒருவர் வந்தால், சொல்வதற்குப் பலர் இருக்கின்றனர்.

மூன்றாவது, எம்மோடு கருத்து மாறுபடுகின்றவனைத் 'துரோகி' என்னும் ஒரே சொல்லால் அடிக்கும் வழக்கத்தை இச்சங்கத்துக்குள்ளாவது விட்டுவிடுவோம். அச்சொல் எமது நாட்டிலே வெறுஞ் சொல்லாக நின்றதில்லை. அது முதலில் வாயிலே பிறந்தது. பிறகு சுவரொட்டியிலே ஏறியது. முடிவிலே மின்கம்பத்திலே பிணமாகக் கட்டப்பட்டது. மேடையிலே நிற்பவர் ஒருவர் எமக்குப் பிடிக்காததைக் கூறும்போது, இருந்து கேட்டு, எழுந்து விடை கூறும் பண்பை இங்கே பழகுவோமாயின், அதுவே ராஜனிக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.

ராஜனி பெருங்கவிஞரல்லர், நாவலாசிரியருமல்லர். உடற்கூற்றியல் படிப்பித்துவிட்டு மாலையிலே சைக்கிளிற் சென்று, அழுதவரின் அருகிலிருந்து, கேட்டதைக் குறித்துக்கொண்டு வந்தவர். பிறந்த மண்ணை நேசித்த காரணத்தினாலேயே அதன் குறையையும் எழுதியவர். சொல்செனிற்சின் தம் நாட்டுக்குத் திரும்பி, தம் நூல் அங்கே படிக்கப்படுவதைக் கண்டு கண் மூடினார். அப்பேறு ராஜனிக்குக் கிட்டவில்லை. அவர் நூல் அவர் ஊரிலே படிக்கப்படுமா என்பது எமது கையிலே உள்ளது.